மிச்ச மருந்தும் ஒரு மதிப்புரையும்

எனக்கு இன்னமும் உதடு அசையாமல் படிக்க வராதுங்கய்யா. முப்பத்தெட்டு வயசில் அறிவொளி வகுப்பில் எழுத்துக்கூட்டினவன். ஒரு புத்தகம் முடிக்க மாசக்கணக்கில் ஆகும். அலுப்புதான். ஆனாலும் கலை, பண்பாடு, நம்ம சனம் யாரு என்று பேசுகிற புதுப் புத்தகம் எது வந்தாலும் மதுரைப் பத்திரிகைக்காரர் எனக்குத்தான் அனுப்புவார். மதிப்புரைக்குக் கீழே, 'ராக்கப்பன், தாயில்பட்டி வெடித் தொழிலாளி' என்று போடுவார். எட்டு வருசம் அந்த ஒரு வரிக்காகத்தான் கண் எரியப் படித்தேன்.

போன ஆவணியில் வந்தது பொன்மணி எழுதின புத்தகம். என்னோடு அதே வகுப்பில் படித்தவள். பட்டாசுக் கம்பெனியும் ஒன்றுதான். நான் மருந்து கலப்பேன், அவள் குழாயில் அடைப்பாள். அலுமினியப் பொடி கழுவியும் போகாமல், வெள்ளிக் கையோடு பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நின்றதை எழுதியிருந்தாள். அந்தக் கை எனக்கும் உண்டு. எழுதத் தோன்றவில்லை.

குறை தேடினேன், அகப்படவில்லை. பத்திரிகைக்காரர் போனில், "அண்ணாச்சி, இனி இந்த மாதிரிப் புத்தகத்தைப் பொன்மணியம்மாவே பாக்கட்டும். நீங்க கொஞ்சம் ஓய்வெடுங்க" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

பொன்மணி சாப்பாட்டு நேரத்தில் கேலி பேசினாள். "மருந்து கலக்குற கையால மதிப்புரையாண்ணே? பாத்து எழுதுங்க, தாளு பத்திக்கிரும்." நானும் சிரித்தேன்.

கலந்த மருந்தில் மிச்சம் இருந்தால் அன்றைக்கே அழித்துவிட வேண்டும். மறுநாளைக்கு வைத்து ஈரம் பட்டால் தானாகச் சூடேறும். எங்கள் பக்கம் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். அந்தப் புரட்டாசிச் சாயங்காலம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மிச்சத்தை அவள் அறையில் வைத்துவிட்டு, தபால் போவதற்குள் மதிப்புரையைச் சேர்க்க ஓடினேன். அந்த அவசரத்தில் அழிக்க மறந்துபோனது. காலையில் அறையை முதலில் திறக்கிறவள் அவள்தான். திறந்தாள். சுவர்கூட மிஞ்சவில்லை.

மருந்தை வைத்தது நான். அதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மறதிதான் ஐயா, வாக்குமூலத்தில் வேறே எதுவும் எழுதிக்கொள்ளாதீர்கள். நான் தபாலுக்குத்தான் ஓடினேன் என்பதற்கு அந்த உறையே சாட்சி. வெடிக்கு முந்தின நாள் முத்திரை அதில் இருக்கும். பத்திரிகைக்காரரிடம் கேட்டு வாங்கி, பிரித்துப் படித்துப் பாருங்கள். மனசாரப் புகழ்ந்திருக்கிறேன். கடைசி வரி எனக்கே பிடித்தது: 'இந்த ஒரே புத்தகத்தோடு பொன்மணி வெடியில் போய்ச் சேர்ந்தது நம் சனத்துக்குப் பெரிய இழப்பு.'