எண்ணக் கூடாத கோல்

வாயை நல்லாத் திறங்க தலைவரே. ம், அப்படித்தான். இப்ப நான் சொல்லப்போறது கொஞ்சம் கனமான விஷயம், பதறாமக் கேளுங்க. ஆட்டத்துல தோத்தா பிள்ளைங்க அழும்னு உலகம் பூரா ஒரு நம்பிக்கை இருக்கு பாருங்க, படிச்சவங்களே நம்புறாங்க, அது தப்பு. அடிப்படையே தப்பு. மைதான ஓரத்துல நின்னு நான் ஆராய்ச்சியே பண்ணியிருக்கேன். தோத்த பிள்ளை கேக்குற முதல் கேள்வி, ஜூஸ் எங்கே. அழறது அதோட அப்பா. அதுவும் நேரடியா அழமாட்டார். கண்ணுல தூசுன்னு சொல்லிட்டுப் போய் காருக்குள்ள உக்காந்துக்குவார்.

கையைத் தூக்கறீங்களே, வலிக்குதா? இல்லையா. அப்ப மறுப்பா? மறுப்பெல்லாம் சாயங்காலம் எதிர்த்த கட்டடத்துல, ஃபுட்பால் கிளப் கூட்டத்துல வெச்சுக்கலாம். இந்த நாற்காலியில கை தூக்கினா வலின்னு மட்டும்தான் அர்த்தம். இங்க சட்டம் என்னோடது.

ஊசி வேண்டாம், முன்பல்லுல ஒரு ஓரம்தானே உடைஞ்சிருக்கு, பூசி விட்டுடலாம்னு நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். நீங்கதான் ஊசி போடாமப் பக்கத்துலயே வரக் கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னீங்க. போட்டாச்சு. மேல் உதடு இப்ப உங்களோடது இல்லை.

கூட்டம் ஆரம்பிக்க இன்னும் நேரம் இருக்கு, தெரியும். உங்க தீர்மானமும் தெரியும். எட்டு வயசுக்குக் கீழ இருக்கிற பிள்ளைங்க ஆட்டத்துலயும் இனிமே கோலை எண்ணணும், புள்ளிப் பட்டியல் போடணும், ஜெயிக்கிற டீமுக்குத்தான் கோப்பை, எல்லாருக்கும் பதக்கம்ங்கிற கூத்து ஒழியணும். அதானே? போன சனிக்கிழமை மைக்கைப் பிடிச்சுச் சொன்னீங்களே, வர்றவன் போறவன் கழுத்துலெல்லாம் மாட்டி விட இது என்ன மழைக்கோட்டான்னு. நான் சிரிச்சேன். எதிர்க்கட்சியில இருந்துக்கிட்டே சிரிச்சேன். நல்ல வாக்கியம் யார் சொன்னாலும் நல்ல வாக்கியம்தான்.

நாக்கை இந்தப் பக்கம் நகர்த்துங்க. இல்லை, அது என் விரல். ம்.

ஆனா ஒண்ணு. இப்பவும் யார் எண்ணாம இருக்காங்க, சொல்லுங்க. எண்ணாம இருக்கிறது வேற, எண்ணலைன்னு சொல்லிக்கிறது வேற, ரெண்டுக்கும் நடுவுல ஒரு மைதானமே இருக்கு. நம்ம தையல்காரர் என்ன பண்றார் தெரியுமா? ஒவ்வொரு கோலுக்கும் சட்டைக் காலர்ல ஒரு குண்டூசி. அவர் பிள்ளை டீமுக்கு இடது காலர், எதிர் டீமுக்கு வலது. ஒருநாள் ஆட்டம் முடிஞ்ச சந்தோஷத்துல அவர் சம்சாரம் வந்து தோள்ல சாய்ஞ்சாங்க. அன்னிக்கு மைதானத்துல கேட்ட ஒரே அலறல் அதுதான். பஸ் டிரைவர் இருக்காரே, அவர் இன்னும் நாசூக்கு. கோல் விழுந்தா ஒரு இருமல். எங்க டீம் ஆடின அன்னிக்கு அவர் இருமின இருமல்ல, பக்கத்துல நின்ன நர்ஸம்மா பாவம், நெஞ்சுல ஸ்டெதஸ்கோப் வெச்சுப் பார்க்கக் கிளம்பிட்டாங்க.

சிரிக்காதீங்க, பூச்சு கோணலாப் போகும்.

எங்க டீம் கோல்கீப்பர் யாருன்னு தெரியும்ல? கதவுன்னு பேர் வெச்சிருக்கீங்களே எல்லாரும், எப்பவும் திறந்தே இருக்கும்னு. ஆமா, என் பிள்ளைதான். முகத்தை மாத்தாதீங்க, எனக்கு வருத்தமே இல்லை. பொருத்தமான பேர். தொழில் ரீதியாச் சொல்றேன், இவ்வளவு அகலமாத் திறக்கிற எதையும் நான் பார்த்ததில்லை.

அவன் என்ன பண்ணுவான்னு கவனிச்சிருக்கீங்களா? பந்து உள்ள போனதும் தலையைத் தொங்கப் போடமாட்டான். ஓடிப்போய் கோல் போட்ட பிள்ளையைக் கட்டிப் பிடிச்சுக்குவான். எதிர் டீம் பிள்ளையை. அவங்க டீம் ஆளுங்க போய்ச் சேர்றதுக்கு முன்னாடி இவன் போய்ச் சேர்ந்திருப்பான், ஏன்னா இவன்தானே பக்கத்துல நிக்கிறான். முதல்ல அந்தப் பிள்ளைங்க பயந்துதுங்க. இப்ப அதுங்களே கையை விரிச்சுக்கிட்டு இவனைப் பார்த்து ஓடி வருதுங்க. ஒரு நாள் வீட்டுக்கு வந்து, அம்மா இன்னிக்கு எனக்கு ஒன்பதுன்னான். ஒன்பது கோல் விட்டுட்டோம்னு வருத்தப்படறான்போலன்னு நானும் தலையைத் தடவி, பரவாயில்லடா கண்ணான்னேன். என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். அவன் எண்ணினது கோலை இல்லை தலைவரே.

பள்ளிக்கூடத்துல இவன் யார்கிட்டயும் பேசினதே கிடையாது. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, பையனுக்குக் காது கேக்குமாம்மான்னு விசாரிச்சாங்க. காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் ஊரார் வாயையெல்லாம் திறக்கிறேன், பெத்த பிள்ளை வாயைத் திறக்க முடியலை. இந்தச் சனிக்கிழமைங்க வந்த பிறகுதான், தெருவுல போனா அங்கங்க யாராவது கதவு கதவுன்னு கூப்பிடறாங்க, இவனும் கையாட்டறான். பதில் பேச்சு இன்னும் வரலை. கையாட்டல் வந்திருக்கு.

எங்க கோச் பிளம்பர், உங்களுக்குத் தெரியும். நல்ல மனுஷன். வாரம் பூரா ஒழுகுறதை அடைச்சுட்டு, சனிக்கிழமையானா வந்து என் பிள்ளையைப் பார்த்துக்கிட்டு நிக்கிறார், எவ்வளவு பொறுமை இருக்கணும். அவர் நேத்து என்கிட்ட சொன்னார், டாக்டரம்மா, பட்டியல்னு ஒண்ணு வந்துட்டா இவனை நான் கோல்ல நிறுத்தி வெக்க முடியாது, மத்த பிள்ளைங்களுக்கும் நான் பதில் சொல்லணும். சரிதானே அவர் சொல்றது? நானும் சரின்னுதான் சொன்னேன். சொல்லிட்டு வந்து, இங்க ஒருத்தருக்குக் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினேன். கொஞ்சம் வேகமாவே வந்துடுச்சு.

இப்ப நீல லைட் காட்டப்போறேன், கண்ணை மூடிக்குங்க. பூசினது இறுகணும்.

உங்க பக்கமும் நியாயம் இல்லாம இல்லை. போன வாரம் உங்க சின்னவ ஓடி வந்து, அப்பா நாங்க ஜெயிச்சுட்டோமான்னு கேட்டா. நீங்க எல்லார் காதுலயும் விழுற மாதிரி, இங்க யாரும் ஜெயிக்கக் கூடாதாம்மான்னீங்க. அவ முகம் போன போக்கை நான் பார்த்தேன். கோல் போட்டவ அவ. அது நடந்துதா நடக்கலையான்னு யாராவது சொல்லணும்ல அவளுக்கு? அன்னிக்கு ராத்திரி சாப்பிடும்போது வீட்டுக்காரர்கிட்ட, அந்த மனுஷன் பேசறதுல பாதி சரின்னு சொன்னேன். எந்தப் பாதின்னார். அதுதான் தெரியலைன்னேன்.

கண்ணைத் திறக்கலாம். இன்னும் ஒரு தடவை துடைச்சு விட்டுடறேன்.

எப்படி உடைஞ்சுதுன்னு சொன்னீங்க? ஐஸ் கட்டியைக் கடிச்சீங்க. வெளியில டோக்கன் குடுக்கிற பொண்ணுகிட்டயும் அதான் சொல்லியிருக்கீங்க. உடையும், ஐஸ் கட்டியில நிறையப் பேருக்கு உடையுது. ஆனா தலைவரே, ஐஸ் கட்டியில தங்க முலாம் இருக்காது. பாருங்க இந்தப் பஞ்சை. மினுமினுன்னு இல்லை?

உள்ள வரும்போதே உங்க சின்னவளைப் பார்த்தேன், பதக்கத்தைக் கழுத்துலயே மாட்டிக்கிட்டு வந்திருக்கா. கழட்டவே மாட்டேங்கிறாளாமே. ஓரத்துல முலாம் பேந்து பல்லுத் தடம் பதிஞ்சிருக்கு. டிவியில பெரிய ஆட்டக்காரங்க பதக்கத்தைக் கடிச்சுக்கிட்டு போட்டோவுக்கு நிப்பாங்களே, அந்த இடத்துல. நல்ல அகலமான தடம். சின்னவளுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்து இன்னும் முளைக்கலை. அவளை நான்தானே பார்க்கிறேன்.

பேசாதீங்க, பேச வராது. கண்ணு ஏன் கலங்குது, லைட் கூசுதா? லைட்தான். திருப்பி விட்டுட்டேன்.

நான் யார்கிட்டயும் சொல்லப்போறதில்லை. என் தொழில்ல அதுக்கு இடமில்லை. பதக்கத்துக்குள்ள இரும்புன்னு உங்களுக்கு எப்படித் தெரியும், தகரம்னுதானே நீங்களே சொல்லிக்கிட்டிருந்தீங்க. பஞ்சைக் குப்பைத் தொட்டியில போட்டுட்டேன், பாருங்க. ஆச்சு. கேக்கறேன்னு நினைக்காதீங்க, கடிச்சது கண்ணாடி முன்னாடியா? தலையாட்ட வேண்டாம். சும்மா கேட்டேன். நல்லா இருந்திருக்கும்.

கொப்பளிங்க. சிந்தும், பரவாயில்லை, உதடு கேக்காது. ஒரு மணி நேரத்துக்கு இப்படித்தான். போட்டி, பரிசு, புள்ளி, பட்டியல், ஒண்ணும் வராது, எல்லாத்துக்கும் உதடு வேணும். தோத்துட்டேன்னு மட்டும் தெளிவாச் சொல்லலாம். கோவிச்சுக்காதீங்க, ஊசி நீங்க கேட்டது. கூட்டத்துக்குத் தாராளமாப் போகலாம், தெருவைத் தாண்டினா ஆச்சு. தீர்மானத்தைப் படிக்கத்தான் வேற ஆள் பார்க்கணும்.

இது என்ன சத்தம்? வெளியில. என் பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு இங்கதான் வந்து உக்காருவான். இருங்க, கதவைத் திறக்கிறேன். மரக் கதவைச் சொன்னேன்.

நினைச்சேன். என் கையுறையை உருட்டிப் பந்து பண்ணியிருக்காங்க. ரெண்டு நாற்காலிக்கு நடுவுல இவன் நிக்கிறான். உங்க சின்னவ வர்றா, வர்றா. போச்சு, உள்ள போயிடுச்சு. அதோ, கட்டிப் பிடிச்சுட்டான். கோல்னு கத்தினது யாரு, உங்க பொண்ணா? இல்லை தலைவரே. அது அவ குரல் இல்லை.

இல்லை, இல்லை, எனக்கு ஒண்ணும் இல்லை. லைட்தான்.

நீங்க இறங்கலாம். ஆச்சு, முடிஞ்சுது. இறங்கலாம்னு சொன்னேன். என்ன, ஒரு விரலைத் தூக்கறீங்க? வலிக்குதா? இல்லையா. அப்புறம்? ஓ. ஒண்ணு. சரி, ஒண்ணு. சின்னவளுக்குத் தெரியுற மாதிரிக் காட்டுங்க, அங்கிருந்து பார்க்கிறா. ரெண்டாவதும் விழப்போகுது, விரலை மடக்கிடாதீங்க.

உக்காருங்க, உக்காருங்க, அடுத்த ஆளை நான் பக்கத்து அறையில பார்த்துக்கிறேன். என்னம்மா? எதிர்க் கட்டடத்துல இருந்தா? என்னவாம்? தலைவரே, உங்களுக்குத்தான் போன். கூட்ட நேரம் தாண்டியும் தீர்மானம் கொண்டு வர்றவர் இன்னும் வரலையாம், அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெச்சுட்டாங்களாம்.