பாதிக் கட்டில்

மணி ஏழரை இருக்கும். கல் உடைக்கிற ஆலைக்குப் போகும் ரோடு. விளக்கு கிடையாது... வீடு கிடையாது... பெட்ரோலும் கிடையாது. கடைசியாகச் சொன்னதற்கு மட்டும் முழுப் பொறுப்பு அடியேன்தான். “தாராளமாகப் போதும்” என்று சவடால் பேசி, சிநேகிதனின் அத்தானை ஸ்கூட்டரில் ஏற்றி வந்து நட்டநடு வழியில் இறக்கிவிட்டேன்.

“உன்னை நம்பி ஏறினேன் பாரு...” என்றார் அத்தான்.

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர் அப்புறம் என்னைத் திட்டக் கூடாது.

அத்தானின் வேலை, காசநோய்க்காரர்களுக்கு வீடு தேடிப் போய் மாத்திரை கொடுப்பது. கொடுத்தால் மட்டும் போதாது. கண்ணெதிரே விழுங்க வைக்க வேண்டும். அன்றைக்குப் பார்க்கப்போன பையன் ஒரு வாரமாக மருந்துக்கே வரவில்லை.

“பாதியில விட்டான்னா அப்புறம் எந்த மாத்திரையும் கேக்காது. ஆளு மிஞ்ச மாட்டான். தள்ளு வண்டியை.”

தள்ளினேன். எதிர்க் குன்றில் பங்களா விளக்குகள் மினுமினுத்தன.

“அங்கெல்லாம் மாத்திரை குடுக்கப் போறதில்லையா அத்தான்?”

“அந்தப் பக்கம் எனக்கு வேலையே இல்லை. இந்தப் பக்கம் ஒரு வீடு விட்டு ஒரு வீடு.”

ஏன் என்று போய்ப் பார்த்ததும் தெரிந்தது. ஒட்டி ஒட்டி அறைகள். தூசிக்குப் பயந்து ஜன்னல்களைத் தகரத்தால் அடைத்திருந்தார்கள். அறைக்கு ஒரு கட்டில், கட்டிலுக்கு இரண்டு ஆள். பகல் ஷிப்டுக்காரன் வந்து படுக்கும்போது ராத்திரி ஷிப்டுக்காரன் எழுந்து போவான்.

கடைசி அறை. ஈரச் சாக்கு நாற்றம்... அதற்கு அடியில் துரு வாடை. உள்ளே இருமல். தகர டப்பாவில் ஜல்லியைப் போட்டுக் குலுக்கினாற்போல.

அத்தான் டார்ச்சோடு உள்ளே போனார். நான் வாசலிலேயே நின்றேன். தைரியசாலி பாருங்கள்.

படியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். தலையிலிருந்து கால்வரை கல்மாவு.

“ராத்திரி ஷிப்டாண்ணே?”

“எப்பவும் ராத்திரிதான்.”

“எனக்கு வண்டி தள்ற ஷிப்டு” என்றேன். சிரிக்கவில்லை மனுஷன். உள்பக்கமாகத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“முழுங்கலை” என்றார். “கடவாயில ஒதுக்கியிருக்கான். அதைத் தின்னா மூத்திரம் செவப்பாப் போகும் தம்பி. பொதுக் கக்கூசுல எவனாவது பாத்துட்டா சீக்கு தெரிஞ்சுடும். வேலையும் போச்சு, படுக்க எடமும் போச்சு.”

“அத்தான்! கடவாயில ஒதுக்கியிருக்கான்!” என்று கத்தினேன்.

உள்ளே டார்ச் வெளிச்சம் திரும்பியது.

“வாயைத் தொறப்பா... நாக்கைத் தூக்கு.”

தண்ணீர் ஊற்றும் சத்தம். மடக்... என்று ஒரு விழுங்கல்.

அத்தான் வெளியே வந்தார். “யாரு சொன்னா உனக்கு?”

திரும்பினேன். படி காலி.

ரோட்டில் இறங்கினோம். “அந்த ராத்திரி ஷிப்டு அண்ணன் யாரு அத்தான்?”

“வண்டியைத் தள்ளு.”

“அவருக்கும் மாத்திரை குடுக்க வேண்டாமா?”

“முன்னாடி பாத்துத் தள்ளுடா.”

பெட்ரோல் பங்க் வெளிச்சத்துக்குள் காலை வைத்தபிறகுதான் நின்றார். முகமெல்லாம் வேர்வை.

“இப்பக் கேளு. அந்த அறையில ராத்திரி ஷிப்டுக்கு யாருமே இல்லை. இருந்தவரும் மாத்திரையை ஒதுக்கி ஒதுக்கித் துப்பினவருதான். மழைக்கு முன்னாடியே பொதைச்சாச்சு. இப்ப இந்தப் பையன் ஒருத்தன்தான். ஆனா சுவரை ஒட்டி, ஓரமா ஒடுங்கிப் படுத்திருந்தான். மாத்திரை குடுக்க மீதி எடத்துல கையை ஊணி உக்காந்தேன்...”

உள்ளங்கையைச் சட்டையில் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

“சூடா இருந்துச்சுடா.”