கரைவலை இழுக்கும் படகுக்காரர்

சிதம்பரத்திலிருந்து கடலூர் வரும் பேருந்தில் என் முன் இருக்கையில் இரண்டு மீனவர்கள் இருந்தார்கள். ஆஸ்பத்திரிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்தபடி ஒருவர், "பங்கு வேணாம்னு சொன்னதுக்கு அடிக்க வந்துட்டானுங்க மச்சான்" என்றார்.

"எதுல பங்கு?"

"கரைவலையிலதான்."

கடலில் விரித்த வலையைக் கரையில் நின்று பலர் சேர்ந்து கயிறு பிடித்து இழுப்பது கரைவலை. இழுத்தவர்கள் எல்லாருக்கும் மீனில் பங்கு உண்டு.

"சொந்தப் படகு வச்சிருக்க, உனக்கு எதுக்குக் கயிறு?"

"படகு வாங்குனதுலேர்ந்து ஆளுங்கதான் கடலுக்குப் போறாங்க. நான் கரையில மீன் ஏலம் பாத்துக்கிட்டு உக்காந்தே கெடந்தேன். சக்கரை வர்ற எல்லையில நிக்கிறீங்க, உடம்ப அசைங்கன்னு டாக்டரம்மா சொன்னாங்க. எங்கப்பாவுக்குச் சக்கரையில கால எடுத்தாங்கல்ல? பயந்துட்டேன். மறுநாளே போயி கயித்தப் புடிச்சேன்."

"சிரிச்சிருப்பானுங்களே."

"சிரிச்சானுங்க. பங்கு வேணாம்னதும் கோவம் வந்துடுச்சி. கயிறு புடிச்சவன் வெறுங்கையா போனா வலைக்கே அவமானமாம். மீனை வாங்கிக்கிட்டேன். அதுலேர்ந்து தெனமும் போறேன்."

"இன்னைக்கு டெஸ்ட்ல என்னா வந்துச்சி?"

"எல்லைக்குக் கீழ எறங்கிடுச்சி! வாக்கிங் போறீங்களான்னு கேட்டாங்க. இல்லம்மா, வலை இழுக்குறேன்னேன். விட்டுடாதீங்க, விட்டா திரும்ப ஏறும்னாங்க."

மச்சான் தன் தொப்பையைத் தடவிப் பார்த்தார்.

"நாளைக்கு நானும் வரட்டா?"

"வா" என்று படகுக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஆனா நீ புது ஆளு, கயித்துல எனக்குப் பின்னாலதான் நிக்கணும்."