பவுடர் பூசிய ஷிப்ட்

“என்னால ஒரு ஷிப்டே கேட்டுக்கு வெளிய நின்னுச்சு மாமா.” கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலில், கேமரா பையை மடியில் வைத்திருந்தவன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான்.

“இன்னாடா பண்ண?”

“கம்பெனி ஐடி கார்டுக்கு போட்டோ. ஸ்டுடியோ வச்ச புதுசு. எல்லாருக்கும் பவுடர் போட்டு, தல சீவி, மூஞ்சில லைட்ட வுட்டு செவப்பாக்கிட்டேன். வாட்ச்மேன் கார்ட பாக்குறாரு, ஆள பாக்குறாரு, உள்ள வுடல.”

“அப்பறம்?”

“கேட்டாண்ட வெயில்ல நின்னு வேர்த்து வழியுற சொல்லோ திரும்ப எடுத்தேன். வுட்டாரு.”

“பழைய போட்டோ?”

“பொண்ணு ஊட்டுக்குக் குடுக்க எல்லாரும் வாங்கிக்கினாங்க. நானும் அதே மாதிரி ஒண்ணு எடுத்து எனக்குப் பாத்த பொண்ணு ஊட்டுக்கு அனுப்பிச்சேன்.”

“உள்ள வுட்டாங்களா?”

“பொண்ணோட அப்பா வாசல்ல நின்னுக்கினு போட்டோவ பாக்குறாரு, என்னைய பாக்குறாரு...”