உடும்போடு மூச்சுப் போட்டி

ராயபுரம் டிராமில் எனக்கு முன்னால் இருவர். ஒருவர் துறைமுகத்தில் கப்பலடியில் முங்கி வேலை செய்பவர். மடியில் காலிக் கூடை.

“உடும்பாண்ட மூச்சுப் போட்டி போட்டேன் மாமு.”

“இன்னாத்துக்கு?”

“எண்ணூர் ஆத்தாண்ட நண்டு புடிச்சி கூடையில போட்டு கரையில வெச்சேன். என்னைப் பாத்ததும் அங்க இருந்த உடும்பு தண்ணில முங்கிச்சு, மேலயே வரல. முங்கறது நம்ம தொயிலு, இத்தாண்ட தோக்கறதான்னு நானும் முங்கினேன்.”

“உடும்பு ரொம்ப நேரம் முங்கும் நைனா.”

“இப்ப சொல்லு! கண்ணு இருட்டிக்கினு எயுந்தேன். அது கரையில, என் கூடைக்குள்ள தலைய வுட்டுக்கினு கீது.”

“அப்போ அதுதான மொதல்ல மேல வந்துச்சு?”

“ஆமா மாமு. ஜெயிச்சது நானு, துன்னது அது.”