தொட்டிலுக்கு அடியில் கத்தி

எஸ்டேட்டிலிருந்து சிரம்பான் டவுனுக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் ஓர் இளைஞனும் அவன் அக்காவும். அவனுடைய குழந்தை அக்கா மடியில். அவன் இரு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தான்.

“பாப்பா தொட்டிலுக்கு அடியில கத்திய ஏன்க்கா வச்ச?”

“நீ தூங்காம அலையுறியேன்னு பூசாரிகிட்ட கேட்டேன். காத்து கருப்பு அண்டாம இருக்க இரும்பு வைக்கச் சொன்னாரு.”

“கத்தியப் பார்த்தாலே பாப்பாவ வெட்டிருவேனோன்னு நினைப்பு வருதுக்கா. வேணான்னு தள்ளினா இன்னும் வருது. செம்பனைக் குலை வெட்டுற அறுவாளக்கூட எங்கள வேலை வாங்குற மண்டோர் வீட்டுலதான் வச்சிருக்கேன்.”

அக்கா அவன் பக்கம் திரும்பினாள்.

“கிளினிக் நர்ஸ்கிட்ட இதச் சொன்னியா?”

“சொன்னேன். இது ஒரு நோய், மனநல டாக்டரப் பாருங்கன்னாங்க. டாக்டர் போலீஸக் கூப்பிட்டா என்னக்கா செய்றது?”

“அதான் நானும் கூட வரேன்லா.”

ஆஸ்பத்திரி ஸ்டாப்பில் அக்கா எழுந்து பையை எடுத்தாள்.

“பாப்பாவப் பிடி.”

“வேணாம்க்கா. நீயே வச்சுக்க.”

“என் கையில பை இருக்கு. பிடிடா.”

அவன் தொடைக்கு அடியிலிருந்து கைகளை எடுத்தான்.