மிதித்த அம்மி

என் வீட்டு அம்மி பூமிக்குள் மெதுவாக ஆறிய கல்லா, சட்டென்று ஆறிய கல்லா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

கிள்ளானுக்குப் போகும் ரயிலில், எதிரே கல் உடைக்கும் வேலைக்காரர் ஒருவரும் அவருடைய தங்கையும் இருந்தார்கள். தங்கையின் மடியில் மெலிந்த குழந்தை ஒன்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகியது.

"உன் புள்ள கல்லைத் தின்னுது, தங்கச்சி."

"என்னண்ணே சொல்றே? சோறுதானே ஊட்டுறேன்!"

"நீ அம்மியில அரைச்ச சட்டினிய நாக்குல வச்சேன், நறநறங்குது. தப்பு என்னோடது. கல்யாணத்துல நீ மிதிக்கிற அம்மியாச்சே, மினுமினுன்னு இருக்கட்டும்னு பெரிய பரல், மணிமணியா இருக்கிற கல்லாப் பாத்துக் கொத்திக் குடுத்தேன்."

"அதுக்கென்ன?"

"பூமிக்குள்ள உருகிக் கெடந்து மெதுவா ஆறின கல்லுலதான் பரல் பெருசா விளையுமாம், எங்க கல்லுமலைத் துரை சொன்னாரு. சட்டுனு ஆறினா மாவாட்டம் நெருங்கிடுமாம். இது அரைக்க அரைக்கக் கழண்டு விழுது. வேற கொத்தித் தரேன், இதைத் தூக்கிப் போடு."

"மிதிச்ச கல்லையா? எங்க வூட்டுக்காரருக்கு ஏதாவது ஆயிட்டா?"

குழந்தை மறுபடி முனகியது.

என் அம்மியும் நான் மணமேடையில் மிதித்ததுதான். நேற்று என் மகனின் துவையலிலும் மணல் தட்டுப்பட்டது. அறிந்த சகோதரிகளே, இந்த இரண்டில் நான் எதற்குப் பயப்பட வேண்டும், சொல்லுங்கள்.